கழுத்தில் எழுதிய அக்கி

திருப்பதி
10-1-88

அன்புள்ள கிருபானந்தம் மாமாவுக்கு, நேசகுமார் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்குத்தான் ஏதோ இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் வீட்டுக்கு எழுதாமல் உங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன்.

அக்கா கடிதம் போட்டிருந்தாள். கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நீங்கள் கழுத்து முழுக்கக் காவி பூசிக்கொண்டு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தீர்களாம். குயவர் கங்கையாவிடம் போய் அக்கி எழுதிக்கொண்டீர்களாம். சபைக் கமிட்டி கூடி, அஞ்ஞானச் சடங்கு என்று சொல்லி, ஆறு மாதம் உங்களைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்துவிட்டதாம்.

கமிட்டியை விடுங்கள், அவர்களுக்கு வேறு வேலை இல்லை. எனக்குப் புரியாதது நீங்கள்தான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவர். நாலு வருஷம் ஜாம்பியாவில் வாத்தியாராக இருந்து வந்தவர். கோழி இறகால் காவியைத் தொட்டுத் தோல்மேல் சிங்கம் வரைந்தால் கொப்புளம் இறங்கிவிடும் என்று நீங்களே நம்பினால், உங்களிடம் படிக்கிற பிள்ளைகள் எதை நம்பும்?

அக்கா இன்னொன்றும் எழுதியிருந்தாள். நீங்கள் நாற்காலியில் ஒருபக்கமாக உட்காருகிறீர்களாம். காலை அகட்டி நடக்கிறீர்களாம். உங்கள் வேட்டியை நீங்களே துவைத்துக்கொள்கிறீர்களாம். கழுத்தில் அக்கி வந்தவர் ஏன் காலை அகட்டி நடக்கவேண்டும்? நான் தோல் வியாதி, பால்வினை வியாதிப் பிரிவின் லேபில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிற ஆண்களில் பாதிப் பேர் முதல் நாள் முழங்காலைக் காட்டுவார்கள். மறுநாள்தான் இடுப்புக்குக் கீழே வருவார்கள். உங்களுக்கு அந்த முதல் நாள் வேண்டாம். வெட்கத்தைச் சித்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறுங்கள்.

பதில் உடனே வேண்டும்.

உங்கள் மச்சான்,
நேசகுமார்

*

சித்தூர்
28-1-88

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் நேசகுமாருக்கு, உன் சுகத்தையும் வேலையையும் அவர் காத்துவருவாராக. இங்கே நானும் உன் அக்கா ஞானசௌந்தரியும் இருக்கிறோம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் வாய்ப்பாட்டையே மறந்து வந்திருக்கிறார்கள். இரண்டு நாளாக நல்ல பனி.

கமிட்டி செய்தது சரிதான். நீ அவர்களைக் குறை சொல்லாதே. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

நீ கேட்டதால் எழுதுகிறேன். மறைவான இடத்தில் ஒரு புண். அக்டோபரில் நாலைந்து சின்னக் கொப்புளமாக வந்தது. உடைந்து, ஒன்றாகச் சேர்ந்து, இப்போது ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாகிவிட்டது. ஆழமாகப் போகவில்லை. மாறாக ஓரத்தில் சதை தடித்து மேலே எழும்பி வருகிறது. வலி பொறுத்துக்கொள்ளலாம். நீர் கசிவதுதான் தொந்தரவு, வகுப்பில் நிற்க முடியவில்லை. ஆறிவிடும் என்று பார்த்தேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வருகிறேன். கேள்வித்தாள் வேலை என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். உன் அக்காவுக்கு இதில் எதையும் எழுதாதே. இதை நான் கேட்டுக்கொள்கிறேன்.

அவருடைய சமாதானம் உன்னோடிருப்பதாக.

கிருபானந்தம்

*

திருப்பதி
20-2-88

மாமாவுக்கு நேசகுமார். பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் பாதியாக இளைத்துப்போயிருப்பதை அக்கா எனக்கு எழுதவில்லை. பக்கத்திலேயே இருப்பவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

டாக்டர் சொன்னதை நீங்களே கேட்டீர்கள். பூக்கோசுபோலச் சதை வளர்ந்திருப்பதால் முதலில் புற்றோ என்று நினைத்தார். பிறகு மேகப்புண்ணாக இருக்கலாம் என்றார். அதற்கான வி.டி.ஆர்.எல். டெஸ்ட்டை நான்தான் போட்டேன். நெகட்டிவ். நம்பாமல் இரண்டாவது தடவை போட்டேன். அதுவும் நெகட்டிவ். இருந்தாலும் டாக்டர் பென்சிலின் எழுதிவிட்டார். சித்தூரிலேயே கம்பவுண்டரிடம் தினம் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

இனி நேராகக் கேட்கிறேன். ஜாம்பியாவில் யாரிடமாவது போனீர்களா? இந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்த ஆண்களில் நான் இதைக் கேட்காதவர் இல்லை. போலீஸ்காரர், பூசாரி, நம்ம சபைக்காரர்கூட உண்டு. யாரும் செத்துப்போகவில்லை. நீங்கள் என் அக்கா புருஷன் என்பதால் எனக்கு இதைக் கேட்க நாக்கு வரவில்லை, பேனாவில் வந்துவிட்டது. டெஸ்ட் எது போடுவது என்று முடிவு பண்ண எனக்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பால், முட்டை துன்னுங்கள்.

நேசகுமார்

*

சித்தூர்
18-3-88

பிரியமான மச்சானுக்கு, நீ நலமாயிருக்க ஜெபிக்கிறேன். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. பரீட்சை நேரம். இந்த வருஷம் கணக்குத்தாள் கடினம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஊசி எல்லாம் போட்டாயிற்று. கம்பவுண்டர் சின்னசாமி நல்ல கைக்காரர். புண் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் பரவியிருக்கிறது என்றும் சொல்லலாம். சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். இந்த மாதிரி வியாதியுள்ளவர் குடித்த பாத்திரத்தில் இன்னொருவர் குடித்தால் ஒட்டுமா? அவர் வாயிலும் சின்னப் புண் இருந்து, பல் தேய்த்தால் கொஞ்சம் இரத்தம் வருகிறது என்று வைத்துக்கொள். உனக்கு நேரம் கிடைக்கும்போது எழுது.

இருபத்தாறாம் தேதி வருகிறேன். உன் அக்கா உனக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புகிறாள்.

கிருபானந்தம்

*

திருப்பதி
5-4-88

மாமாவுக்கு, நேசகுமார் வணக்கத்துடன். ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

நான் பிப்ரவரியில் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. வந்தபோதும் வாய் திறக்கவில்லை. நான் ஒன்று கேட்டால் நீங்கள் பாத்திரம், தம்ளர் என்று வேறு எதையோ கேட்கிறீர்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேளுங்கள்.

டாக்டர் உங்கள் புண்ணின் ஓரத்தைச் சுரண்டிக் கொடுத்தாரே, அதை ஸ்லைடில் தடவி, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மாமா, நான் பார்த்ததை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நம் உடம்பில் ஒரு செல்லுக்கு ஒரு கரு. பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டுவீர்களே அதுதான். இங்கே ஒரு செல்லுக்குள் எட்டு, பத்து கரு. மாதுளை முத்து மாதிரி ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, இடம் பத்தாமல், ஓரம் தட்டையாகி உட்கார்ந்திருந்தது. ஸ்லைடை எங்கே நகர்த்தினாலும் அதே. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் பார்த்திருக்கிறேன். நிஜத்தில் அது நீலமும் ஊதாவுமாக, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அவ்வளவு அழகாக இருந்தது. இதைச் செய்கிற கிருமி மைக்ராஸ்கோப்புக்கே அகப்படாத அளவு சிறியது. அது பக்கத்துப் பக்கத்துச் செல்களின் சுவரை இடித்து ஒரே வீடாக்கிக் குடியிருக்கிறது. பயமாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

அது ஹெர்பிஸ் கிருமி. அக்கிக் கிருமிக்குப் பங்காளி. நீங்கள் கங்கையாவிடம் சொன்னது கிட்டத்தட்டச் சரி, இடம்தான் தப்பு.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புண் எல்லாருக்கும் இரண்டு, மூன்று வாரத்தில் தானாக ஆறிவிடும். உடம்பே அதை அடக்கிவிடும். உங்களுக்கு ஆறு மாதமாக ஆறவில்லை. சதை வளர்ந்து ஆள் அடையாளம் தெரியாமல் போனதால்தான் நாங்களும் ஏமாந்தோம். டாக்டர் ஸ்லைடைப் பார்த்துவிட்டுப் புண்ணைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இவர் எந்த தேசத்தில் இருந்து வந்தார் என்று கேட்டார். ஜாம்பியா என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். அன்றே உங்கள் இரத்தத்தை வேலூருக்கு அனுப்பினோம். எய்ட்ஸ் டெஸ்ட். பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த வியாதி உடம்பின் காவலைத்தான் தின்கிறது. காவல் போன வீட்டில் இந்தச் சின்னக் கிருமி ஆறு மாதம் குடித்தனம் நடத்துகிறதோ என்று சந்தேகம்.

அதனால் இன்னொரு கேள்வி. ஊர் திரும்பிய நாளிலிருந்து நீங்களும் அக்காவும் புருஷன் பெண்சாதியாக இருக்கிறீர்களா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் அக்கா இரத்தமும் இந்த வாரமே வேண்டும்.

நேசகுமார்

*

திருப்பதி
8-5-88

மாமாவுக்கு.

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னிக்கவும். ஒரு மாதமாகப் பதில் இல்லை. தினம் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கினு நிற்கிறேன்.

வேலூரிலிருந்து ரிசல்ட் வந்துவிட்டது. பாசிட்டிவ். இரண்டாவது முறை வேறு விதமான டெஸ்ட்டும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். சந்தேகம் இல்லை. இதைக் கடிதத்தில் எழுதக்கூடாது, நேரில்தான் சொல்லவேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் வரவே இல்லை, நான் என்ன செய்ய?

அந்த வியாதிக்கு மருந்து இல்லை. புண்ணுக்கு மட்டும் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது. மெட்ராசில் தேடச் சொல்லியிருக்கிறேன்.

மாமா, நான் பெரிய மனுஷன் மாதிரி எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் எனக்கு இருப்பது ஒரே அக்கா. அம்மா போனபிறகு எனக்குச் சோறு போட்டு இந்த டிப்ளமா படிக்கவைத்தவள். அவள் உடம்பில் அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நான் தினம் ஊராரின் இரத்தத்தை மெஷினில் போட்டுச் சுழற்றிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாய் திறக்காததற்கு எனக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றுகிறது. இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் சித்தூருக்கு வருவேன். அதற்குள் நீங்கள் சொல்லவில்லை என்றால் நானே அக்காவிடம் சொல்வேன்.

நேசகுமார்

*

சித்தூர்
14-5-88

பிரியமான மச்சான் நேசகுமாருக்கு,

உன் கோபத்துக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அவளுக்காகக் கோபப்பட ஒரு ஆள் இருக்கிறானே என்று.

ரிசல்ட் எனக்குப் புதிது அல்ல. ஜாம்பியாவில் என்னோடு கெமிஸ்ட்ரி நடத்திய பண்டா என்பவர் இருந்தார். ஆறடி உயரம், புட்பால் ஆடுகிறவர். ஒரு வருஷத்தில் அவர் உடம்பு கரைந்து, மகன் தூக்கிக்கொண்டு போகிற எடைக்கு வந்துவிட்டார். அவரை அடக்கம் பண்ணினோம். அடுத்து அவர் மனைவி. அடுத்து கைக்குழந்தை. மூன்று அடக்கத்துக்கும் நான் போய்ப் பாடினேன். புது வியாதி, புருஷனிடமிருந்து பெண்சாதிக்குப் போகிறது என்று அங்கே ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். அதற்கு அப்போது எங்களுக்குப் பெயர் தெரியாது.

நீ கேட்ட முதல் கேள்விக்குப் பதில். எனக்கு அது வர இரண்டு வழி இருந்தது. 83-ல் பஸ் கவிழ்ந்து எனக்கு இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். அடுத்த வருஷம் ஒரு பெண். கொஞ்ச நாள்தான். எது என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் எனக்கு மரியாதை. அப்படி மரியாதை தேடிக்கொள்ள மனம் வரவில்லை, அதனால்தான் அதையும் சொல்லாமலே இருந்தேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை.

85 ஜூனில் சித்தூர் ஸ்டேஷனில் நான் இறங்கினேன். அன்றைக்கே உன் அக்காவிடம், பஸ் கவிழ்ந்தபோது கர்த்தரிடம் ஒரு பொருத்தனை பண்ணினேன், பிழைத்தால் தனியாகப் படுப்பதாக, என்றேன். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டாள். ஏழு என்றேன். வாய்க்கு வந்த எண். அப்படி ஒரு பொருத்தனை கிடையாது மச்சான். கர்த்தருடைய பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன். எனக்கு அந்த வியாதி இருக்கிறதா என்றே அப்போது தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பண்டாவின் மனைவி முகம் எனக்கு மறக்கவில்லை. ஏழு வருஷத்துக்குள் ஒன்று நான் செத்திருப்பேன், இல்லையென்றால் எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

காவி விஷயமும் சொல்லிவிடுகிறேன். உனக்கே தெரியும், நம் சபையில் திருவிருந்துக்குத் திராட்சரசம் ஒரே பாத்திரத்தில் வரும், எல்லாரும் அதிலேயே குடிக்கவேண்டும். போன செப்டம்பரில் என் வாய்க்குள் புண் வந்தது, அடுத்த மாதம் கீழேயும் வந்தது. அப்போதுதான் எனக்கு நிச்சயமாயிற்று. நான் குடித்து முடித்தால் பாத்திரம் உன் அக்காவுக்குப் போகும். அடுத்து ஞானமணி டீச்சர், அவள் முழுகாமல் இருக்கிறாள். வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டால் போதகர் ஐயா வீட்டுக்கு வந்து, என்ன பாவம் செய்தாய் என்று உன் அக்கா முன்னால் கேட்பார். என்னை விலக்கி வைக்கவேண்டும், ஆனால் காரணம் வேறாக இருக்கவேண்டும். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடக்கலாமா என்று யோசித்தேன். எனக்கு அது வராது. அக்கி எழுதிக்கொண்டால் தண்டனை நிச்சயம் என்று தெரியும். கங்கையாவிடம் போய்க் கழுத்து எரிகிறது என்றேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுது என்றேன். அவன் காது வரைக்கும் எழுதிவிட்டான்.

ஆறு மாதம் ஜூனில் முடிகிறது. அதற்கப்புறம் எதைச் செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிருபானந்தம்

*

திருப்பதி
17-5-88

என் அன்பான மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். அப்புறம் அன்றைக்கு வந்த இரத்த பாட்டில்களில் பெயர் எழுத என்னால் முடியவில்லை. பக்கத்து சீட் தாட்சாயணி எழுதினாள்.

முதலில் பதில். மார்ச்சில் நீங்கள் கேட்டபோதே இரண்டு வரி எழுதியிருக்கலாம். நான்தான் பெரிய அவசரக்காரன். ஒரே பாத்திரத்தில் குடிப்பதால் எய்ட்ஸ் வராது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது. தொடுவதால் வராது, பக்கத்தில் படுத்துத் தூங்குவதால் வராது. இரத்தத்தால் வரும், உடலுறவால் வரும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். வாயில் புண் இருக்கிற நாளில் மட்டும் தம்ளரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அது ஹெர்பிஸுக்காக. கீழே புண்ணைத் தொடுகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ளவேண்டும். ஆகமொத்தம் நீங்கள் சபை முன்னால் காவி பூசிக்கொண்டு நின்றதற்குத் தேவையே இருக்கவில்லை.

இதைச் சொல்லி உங்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். சிரிப்பு வரவில்லை. 85-ல் இந்த தேசத்தில் அந்த டெஸ்ட்டே கிடையாது. அந்த வியாதி இங்கே இருக்கிறது என்று டாக்டர்களே சொல்லவில்லை. உங்களிடம் இருந்தது மூன்று அடக்க ஆராதனை மட்டும். அதை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டு, என் அக்காவைத் தொடாமல் மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். எத்தனையோ ஆண்களின் கதையை இந்த மேஜையில் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. எனக்கு இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை மாமா. அந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு எழுந்து போனேனே, அதே மாதிரி இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு இரண்டு தடவை எழுந்து போனேன்.

ஆனாலும் அக்காவுக்குத் தெரியவேண்டும். அவள் இரத்தமும் வேண்டும். உங்கள் கணக்கு சரியாகவே இருக்கும், இருந்தாலும் எனக்குக் கண்ணால் பார்க்கவேண்டும். நான் இருபத்திரண்டாம் தேதி வரமாட்டேன். அது உங்கள் நாள். நீங்களே சொல்லுங்கள்.

மாத்திரை மெட்ராசில் கிடைத்துவிட்டது. சித்தூர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிடுங்கள்.

நேசகுமார்

*

சித்தூர்
16-6-88

என் தம்பி நேசனுக்கு ஞானசௌந்தரி அக்கா எழுதறது. நீ வேளைக்குத் துன்றியா இல்லை லேபிலேயே கிடக்கிறியா? இங்கே இன்னும் மழை இல்லை. போரிங் தண்ணி உப்பு கரிக்குது.

உங்க மாமா சொல்லிட்டார்னு நீ இரத்தம் எடுக்க வந்தப்போ ஒரு வார்த்தைதான் சொன்னேன், மீதி இப்போ எழுதறேன். ஆராதனை முடிஞ்சு வந்து, போட்ட சட்டையைக்கூடக் கழட்டாம உட்கார்ந்து, பாடம் நடத்தற மாதிரி முதல்லேர்ந்து சொன்னார். பஸ்ஸு, இரத்தம், அந்தப் பொம்பளை, பண்டா குடும்பம், பொருத்தனை, காவி. எதையும் விடலை. அடுப்புல சாதம் அடி பிடிச்சுப் போச்சு. அன்னிக்கு அதைத்தான் துன்னோம்.

எனக்கு அந்தப் பொம்பளைமேல கோபம் வரலைடா. வரும் வரும்னு பார்த்துக்கினு இருக்கேன், வந்தா எழுதறேன். பொருத்தனைமேலதான் வந்துச்சு. மூணு வருஷமா நான் கர்த்தரோட சண்டை போட்டுக்கினு இருந்தேன். என் புருஷனை நீ எடுத்துக்கினா எனக்கு என்ன மிச்சம்னு. சாமிக்குக் கொடுத்தவர்மேல கோபப்படவும் முடியாது. ஊர்ல இன்னும் ஒண்ணும் இல்லையான்னு கேட்டாங்க. எனக்குத்தான் கோளாறுன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். அதையும் அவர்கிட்ட சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. அன்னிக்குத்தான் அழுதார்.

ஏன் என்கிட்ட அப்பவே சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா நீ பரவாயில்லைன்னு சொல்லிடுவே, அந்த பயம்தான்"ன்னார். சொல்லியிருப்பேன் நேசா. நிச்சயமா சொல்லியிருப்பேன். அதை நினைச்சா இப்போ எனக்கு உடம்பு சில்லுனு ஆவுது. நான் என்ன சொல்வேன்னு எனக்கே தெரியாதப்போ இந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு.

நீ அனுப்பின மாத்திரையைத் துன்றார். புண்ணை நான்தான் கழுவிக் கட்டறேன். முதல் நாள் விடவே இல்லை. கதவைச் சாத்திட்டு, வாத்தியாரே பேசாம படுங்கன்னேன். கையுறை போட்டுக்கினுதான் பண்றேன், நீ பயப்படாதே. எட்டு மாசமா வாய் திறந்துக்கினு கிடந்தது, இப்போ ஓரத்திலேர்ந்து தோல் மூடிக்கினு வருது. தினம் காலைல கட்டைப் பிரிக்கறப்போ பார்த்துக்கினே இருக்கேன். பூண்டுத் தோல் மாதிரி ஒரு மெல்லிசு.

நீ எடுத்துக்கினு போன என் இரத்தம் என்ன ஆச்சு? இருந்தா இருக்குன்னு எழுது. நல்ல வார்த்தை சொல்லி எழுதாதே. இன்னொரு தடவை என்கிட்ட யாரும் எதையும் மறைக்கக் கூடாது.

அக்கா

*

திருப்பதி
2-7-88

அக்காவுக்கும் மாமாவுக்கும் சேர்த்து எழுதுகிறேன். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். நான் சுகம்.

அக்கா, உனக்கு இல்லை. நெகட்டிவ்.

தபாலை நம்பாமல் நானே வேலூருக்குப் போனேன். அங்கே என்னோடு படித்தவன் ஒருவன் அந்த லேபில் இருக்கிறான். டெஸ்ட் போடுகிறபோது என்னைப் பக்கத்தில் நிற்க விட்டான். பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள், பணியாரக் கல் மாதிரி. ஒவ்வொரு குழியிலும் ஒருவர் இரத்தத்தின் நீர். கடைசியாக ஒரு மருந்து ஊற்றுவார்கள். கிருமி தொட்ட இரத்தமென்றால் நிறம் மாறும். மாமாவுடையதையும் மறுபடி போடச் சொல்லியிருந்தேன். மாமா குழிக்குப் பக்கத்துக் குழி உன்னுடையது.

மருந்து ஊற்றிச் சிறிது நேரத்திலேயே மாமா குழி மஞ்சளாயிற்று. பிறகு ஆரஞ்சு. நான் உன் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது தண்ணீராகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறு என்றான். பொறுத்தேன். தண்ணீராகவே இருந்தது. இரண்டு குழிக்கும் நடுவில் ஒரு நூல் கனத்துக்குப் பிளாஸ்டிக் சுவர். அந்தப் பக்கம் அவ்வளவு நிறம், இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. என் நண்பன், யாருடா இவங்க ரெண்டு பேரும் என்று கேட்டான். ஒரே வீட்டுக்காரர்கள் என்றேன். அவன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தான்.

அக்கா மறைக்காதே என்றாள், அதனால் இதையும் எழுதுகிறேன். மாமாவின் புண் ஆறிவிடும், ஆனால் திரும்பவும் வரும். மாத்திரை புண்ணுக்குத்தான். பெரிய வியாதிக்கு ஒன்றும் இல்லை. எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

மாமா, உங்கள் கணக்கு சரி.

நேசகுமார்

*

சித்தூர்
11-7-88

தம்பி நேசனுக்கு, அக்கா. நாங்க நல்லா இருக்கோம். உன் இருமல் நின்னுச்சா?

உன் கடிதாசியை உங்க மாமாதான் சத்தமா வாசிச்சார். எனக்கு இல்லைன்னு வந்த வரியோட நிறுத்திட்டார். மீதியை நான் வாங்கி வாசிச்சேன். அப்புறம் அவர் சைக்கிளை எடுத்துக்கினு எங்கேயோ போயிட்டு, சாயங்காலம் வந்தார். எங்கேன்னு நான் கேட்கலை.

அவரை மறுபடி சேர்த்துக்கினாங்க. மூப்பர் சாந்தகுமார், இனிமே கங்கையா பக்கம் போகமாட்டீங்களேன்னு சபை முன்னால கேட்டார். மாட்டேன்னார். நேத்து திருவிருந்து. வாயில புண் இல்லைன்னு காலையிலேயே கண்ணாடியில மூணு தடவை பார்த்துக்கினார். பாத்திரம் வந்தப்போ ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சார். அவர்கிட்டேர்ந்து என்கிட்ட வந்துச்சு. நான் குடிச்சேன்.

அதை எழுத இந்தக் கடிதாசி இல்லை. மத்தியானம் சாப்பிட்டதும் அவர் வழக்கம்போல முன் ரூம்ல தன் கட்டிலுக்குப் போனார். நான் என் கட்டிலை இழுத்துக்கினு போய் அது பக்கத்துல போட்டேன். என்ன இதுன்னார். மே மாசம் நீ எழுதின கடிதாசியைக் கொண்டுவந்து, பக்கத்தில் படுத்துத் தூங்குவதால் வராதுன்னு நீ எழுதின இடத்தை வாசிச்சேன். "அவன் சின்னப் பையன், அவசரக்காரன், தப்பா எழுதியிருந்தா?"ன்னார். மூணு வருஷம் நீங்க எனக்காகத் தனியா முடிவு பண்ணீங்க, அது சரியாவும் இருந்துச்சு, அதுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன், இப்போ என் முறைன்னேன்.

படுத்தார். ரயில்ல மேல் பர்த்ல படுக்கறவங்க மாதிரி விரைச்சுக்கினு, அந்தப் பக்க ஓரத்துல. வெளியே பிள்ளைங்க கோலி ஆடற சத்தம் கேட்டுக்கினு இருந்துச்சு. நான் அவர் முதுகுல கையை வச்சேன். எலும்புதான் கைக்கு வந்துச்சு. எடுக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, உன் கை சூடா இருக்குதுன்னார். அப்படியே தூங்கிட்டார் நேசா. வாய் திறந்துக்கினு, குறட்டை விட்டுக்கினு. எனக்குக் கை மரத்துப்போச்சு, அசைக்கலை.

இங்கே கிடைக்கற பஞ்சு நார் நாரா பிரியுது, புண்ணுல ஒட்டிக்குது. நீ வர்றப்போ ஆஸ்பத்திரிப் பஞ்சு நல்லதா ரெண்டு சுருள் வாங்கிக்கினு வா. பஸ்ல ஜன்னல் ஓரம் உட்காராதே, காத்து ஆகாது உனக்கு.

அக்கா
ஞானசௌந்தரி